பாட்டு லிஸ்ட் இல்லாத கச்சேரி

சவுண்ட் செட் போடுகிறவனுக்கு முதலில் வேண்டியது பாட்டு லிஸ்ட். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, அது கைக்கு வந்த பிறகுதான் நான் வயரையே பிரிப்பேன். எந்தப் பாட்டில் தவில் எகிறும், எந்த இடத்தில் பாடகர் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்வார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கண்டியிலும் கலஹா, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இருபத்தேழு வருடமாக இப்படித்தான் தொழில் செய்கிறேன். ஆகவே போன வருடம் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு செட் கேட்டு வந்த இசை ஆசிரியையிடமும் லிஸ்ட் கேட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் பல வருடமாகப் படிப்பிக்கிறவர். "லிஸ்ட் இல்லை அண்ணை. என்ன வாசிக்கப் போயினம் எண்டு அவையளுக்கே தெரியாது," என்றார்.

"அப்ப ரிஹர்சல் எப்ப பாக்குறாங்க?"

"ரிஹர்சலும் இல்லை. மேடையில ஆளையாள் கேட்டுக் கேட்டு, அந்த நேரம் வாறதை வாசிப்பினம்."

என் மனைவி சில ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் சமைப்பாள். அதற்கு நாங்கள் ஊரைக் கூப்பிட்டுக் கதிரை போடுவதில்லை. இதை ஆசிரியையிடம் சொல்லாமல் விட்டதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. லிஸ்ட் இல்லை என்றதுமே எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

காரணம் என் காது. அப்போதே இரண்டு வருடமாக ஏதோ சரியில்லை. குக்கர் விசில் அடித்தது கேட்கவில்லையா என்று மனைவி சத்தம் போடுவாள். அடிக்கவே இல்லை என்று நான் சண்டைக்குப் போவேன். டாக்டரிடம் போகவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்காருகிறவனுக்குக் காது போய்விட்டது என்று ஒருவர் வாயில் விழுந்தால் போதும், மறுவாரமே மாத்தளையிலிருந்து வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். என் வீட்டு அடுப்பு அந்த மிக்சரால்தான் எரிகிறது. அதைவிட, அந்தக் கதிரையை விட்டு எழுந்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

தெரிந்த பாட்டுகளில் சமாளித்துவிடலாம். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் பிள்ளையார் பாட்டு ஒன்றைப் போட்டுத்தான் சத்தத்தைச் சரிபார்ப்போம். எங்கள் தொழிலில் அது வழக்கம். அந்தப் பாட்டின் ஒவ்வொரு சலங்கை ஒலியும் எனக்குத் தெரியும். அது காதில் கேட்கிறதா, நினைவில் கேட்கிறதா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

பேராதெனிய வீதியிலிருந்து மேலே ஏறும் சந்தில் ஒரு பழைய மண்டபம். பின்னேரம் நாலு மணிக்குக் கச்சேரி. மிக்சரோடு நான் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மேடையோரம், சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். பன்னிரண்டு வருடமாக எல்லா வேலைக்கும் அவன்தான் என் துணை. ஜாஸ் கச்சேரி என்றாலும் பிள்ளையாரை விடவில்லை. பாட்டைப் போட்டேன். எனக்குக் கொஞ்சம் மந்தமாகப் பட்டது. கூர்மையான சத்தங்களுக்குரிய ட்ரெபிள் குமிழைக் கூட்டினேன்.

மூன்று பேர் மேடையேறினார்கள். சாக்சபோனோடு ஒரு வெளிநாட்டுப் பெண், ஆள் உயர பாஸ் வயலினைப் பிடித்துக்கொண்டு நரைத்த ஒருவர், ட்ரம்ஸில் இன்னொருவர். அந்தப் பெண் முதலில் வெறும் மூச்சைத்தான் ஊதினாள். மைக் செத்துவிட்டதென்று நினைத்து மச்சானுக்குக் கை காட்டினேன். எல்லாம் சரி என்று அவன் தலையாட்டினான். பாஸ்காரர் தந்தியைச் சுரண்டினார். ட்ரம்ஸ்காரர் ஒரு சங்கிலியை எடுத்துத் தோலின் மேல் உருட்டினார். இதற்கா இத்தனை மைக் வைத்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

பிறகு மழை வந்தது. தகரக் கூரையில் அது இறங்கியதும் மூன்று பேரும் கையை நிறுத்திக்கொண்டார்கள். பெய்யட்டும் என்று விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ட்ரம்ஸ்காரர் விரல் நுனியால் மழைக்குள் மெல்ல நுழைந்தார், மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். அப்போதுதான் நான் அவர்களின் கைகளை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். வாசிக்கிறவர்களின் முகமாக அது இல்லை, காது கொடுக்கிறவர்களின் முகமாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மழை விட்டபின், நடுவில் ஓரிடத்தில் அந்தப் பெண் தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் பார்த்தாள். சிரித்தாள். பிறகு மிக மெல்லிசாக ஊதத் தொடங்கினாள். பாஸ்காரரின் விரல்கள் தந்தியின் அடிக்கோடி வரை இறங்கின. மண்டபமே மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் கேட்டது அமைதிதான். இவ்வளவு அமைதியை ஒரு மேடையில் நான் கேட்டதில்லை என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

கைதட்டல் முடிந்ததும் அவள் நேரே மிக்சருக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பக்கத்தில் வந்த ஆசிரியை தமிழில் சொன்னார்.

"நடுவில நீங்கள் ஒரு மெல்லிய சத்தத்தைப் பிடிச்சு வச்சிருந்தனீங்களாம் அண்ணை. கூடாமல் குறையாமல், அஞ்சு நிமிசம். தாங்கள் மூண்டு பேரும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் வாசிச்சவையாம். தான் இப்பிடிக் காது குடுத்து வேலை செய்யிற ஆளை எங்கயும் காணேல்லையாம்."

நான் எந்தச் சத்தத்தையும் பிடித்துவைக்கவில்லை. மைக் கூவியிருக்கிறது. ஸ்பீக்கரில் வருவதை மைக் வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கே கொடுத்து வருகிற கீச்சுச் சத்தம் அது. செட் போடுகிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. ஐந்து நிமிடம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. குமிழைத் திருகிய எனக்கு மட்டும் கேட்கவில்லை.

"தேங்க் யூ," என்றேன். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மச்சான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மைக் கூவுனது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மச்சான்."

"அப்ப ஏன் விட்ட?"

"கொறைக்கத்தான் போனேன். ஆம்ப்புல கையும் வச்சிட்டேன். அதுக்குள்ள அந்தம்மா அதையே கேட்டு ஊத ஆரம்பிச்சிட்டாங்க. நல்லா இருந்துச்சு. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கொறைக்கத்தான் போனேன் என்பதை, தினம் செய்கிற வேலையைப் போல அவன் சொன்னான்.

"எப்பவும் கொறைப்பியா?"

வயர் முழுவதையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "ரெண்டு வருசத்துக்கு முந்தின தேருலருந்து. நீங்க அங்க கூட்டுவீங்க, நான் இங்க கொறைப்பேன். சரியா வந்துரும்."

"ஒங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காதான் மொதல்ல சொன்னாங்க. ஒங்ககிட்ட கேக்க வேணாம்னாங்க."

கோபம் வந்தது. இரண்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை கோயில்களில் என் தோளைத் தட்டி, சவுண்ட் பிரமாதம் என்று சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் சிரித்து நின்றது ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் இவன் வயர் சுற்றிக்கொண்டிருந்திருப்பான். கோபம் அதற்குமேல் நிற்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் பலா மரங்கள் நனைந்து நின்றன. மழை விட்ட பொழுதில் அங்கே என்ன சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிவது வேறு, கேட்பது வேறு.

"இப்ப பூச்சி கத்துதா?" என்று கேட்டேன்.

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தான். "கத்துது மச்சான். ரொம்பக் கத்துது."

அவன் கீழே வைத்த பெட்டியை ஏற்றிவிட்டு வான் கதவைச் சாத்தினேன். "அடுத்த வெள்ளி கலஹா கோயிலுக்கு நீ மிக்சர்ல உக்காரு."

"நீங்க?"

"நான் ஆம்ப் பக்கம் நிக்கிறேன்."

அவன் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

"ஆம்ப்புல கை வைக்கக் கூடாது," என்றான்.