மணவறைக்கு மேலே நின்ற எழுத்து

இது நடந்தது. சந்தேகமென்றால் நெல்லியடிச் சந்தைக்குப் போங்கள். வலக்கையில் இரண்டு விரல் மடங்காமல் அருட்செல்வன் நிற்பான். எதனால் நசிந்தது என்று கேளுங்கள். ரெஜிபோம் என்பான், பெட்டிக்குள் பொதிந்து வருகிற அந்த வெள்ளை நுரைப்பலகை. சிரிக்காதீர்கள்.

பார்த்தீபனுக்கு மணவறை சோடிக்கிற தொழில். அருட்செல்வன் அவனிடம் வேலை செய்தவன். பார்த்தீபனின் தங்கை கஜானிக்குக் கலியாணம் வந்தது. பெண், மாப்பிள்ளை பெயர்களின் முதலெழுத்தை ஆங்கிலத்தில், ரெஜிபோமில் வெட்டி, மணவறைக்கு மேலே தொங்கவிடுவது வழக்கம்.

“அண்ணை, ஊருக்கெல்லாம் வெட்டுற மொட்டை எழுத்து எனக்கு வேண்டாம். காலும் சுருளும் வைச்ச பழங்காலத்து எழுத்து வேணும்.”

“ஓம், மகாராணி.”

அப்படிப்பட்ட எழுத்தை அவன் ஓரிடத்தில்தான் கண்டிருந்தான். கடற்கரையோரம் பற்றை மூடிய, வெள்ளைக்காரரைப் புதைத்த பழைய சவக்காலை. அங்கே ஒரு கல்லறையில், கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல்லில், எழுத்துகள் புடைத்து, மீசை முறுக்கி நின்றன. போனில் படமெடுத்தான். கல்லில் இல்லாதவற்றைத் தானே வரைந்தான். முழு எழுத்துருவாக்கி, சோடனைக்காரரின் வாட்ஸ்அப் குழுவிலும் பெருமையாகப் போட்டான்.

“சவக்காலை எழுத்தைக் கலியாண வீட்டுக்கோ, அண்ணை?” என்றான் அருட்செல்வன்.

“கல்லுக்குத் தெரியுமோ ஆர் வீடெண்டு? வெட்டடா.”

மாப்பிள்ளை வாகீசனின் ‘வி’ பார்த்தீபன் தானே வரைந்தது. சுகமாக வெட்டுப்பட்டது. கஜானியின் ‘ஜி’ கல்லிலிருந்து வந்தது. சூட்டுக்கம்பி பட்டதும் தலைமயிர் கருகிய நாற்றம். தேய்த்தபோது துகள் பறக்கவில்லை. சொரசொரவென்று மணலாகக் கொட்டியது.

கலியாணத்தன்று காலை மண்டபத்தில் அருட்செல்வன் ‘ஜி’யைத் தூக்கினான். கை நழுவியது.

நறுக்... இரண்டு விரல் அடியில்.

“ஐயோ! பாரம் அண்ணை... இதை மேலை ஏத்தாதையுங்கோ...”

“ரெஜிபோம் பாரமோ? விடியவே தண்ணி போட்டிட்டு வந்திட்டாய்!”

பார்த்தீபன் ஒற்றைக் கையால் தூக்கினான். பஞ்சு.

“பாத்தியோ?”

தானே கட்டினான்.

கூறைச்சேலையோடு வந்து அமர்ந்த கஜானி மேலே பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

கிறீச்...

பார்த்தீபன் நிமிர்ந்தான். நைலோன் கயிறு நரம்பாக இழுபட்டிருந்தது.

“கஜானி! எழும்படி!”

கெட்டிமேளம் முழங்கியது. யாருக்கும் கேட்கவில்லை.

டப்.

அறுகரிசி தூவ ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. தாலியில் ஒரு முடிச்சுத்தான் விழுந்திருந்தது.

ரத்தத்திலிருந்து எழுத்தை ஒரு கிழவி இரண்டு விரலால் எடுத்து எறிந்தாள். அவ்வளவு லேசு. கஜானியின் உடைந்த மண்டைக்குள்ளிருந்து டாக்டர் எடுத்தது முருகைக்கல் பொடி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் பார்த்தீபன் சம்மட்டியோடு சவக்காலைக்குப் போனான்.

கல்லில் ‘ஜி’ இல்லை. உடைத்த தடமும் இல்லை. அந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

பக்கத்தில் இருந்த ‘எஸ்’... அதுவும் இல்லை.

‘எஸ்’ஸை அவன் வெட்டவேயில்லை.

போனை எடுத்தான். குழுவில் ஒரு புதுப் படம். வல்வெட்டித்துறையில் ஒரு மணவறை. மேலே, சுருளும் காலும் வைத்த ‘எஸ்’. கீழே ஒரு பெண் அமர்ந்திருந்தாள்.

படம் போட்டவனை அழைத்தான். மணி போனது... போனது... எடுத்தான்.

“கழட்டடா அதை! கழட்டு!”

“என்ன அண்ணை? கேக்கேல்லை...”

மறுமுனையில் கெட்டிமேளம்.