மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்

எழுபதுகளில் பாலக்காட்டு டவுன் கிழக்கே வயல்களுக்குள் பரவத் தொடங்கியபோது, நான் அங்கே அரசு சுகாதார நிலையத்தில் பிரசவ நர்ஸ். வயலாக இருந்தவரை எனக்குக் கஷ்டமில்லை. எந்த வீட்டுக்கும் வரப்பு வழியே நடந்துவிடலாம். வயலை வீட்டுச் சைட்டுகளாகப் பிரித்தார்கள். ரோடு வந்தது, வழி போனது.

ரங்கசாமியும் பழனிசாமியும் பங்காளிகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு காலனி போட்டார்கள். இரண்டு காலனித் தெருக்களும் பொது வரப்பில் வந்து முட்டி நின்றன. போதாததற்கு ரங்கசாமி அங்கே ஆளுயர மதிலும் எழுப்பிவிட்டார்.

ஒரு மழைநாள் மத்தியானம், பழனிசாமி காலனியின் கடைசி வீட்டில் சரஸ்வதிக்குத் தலைப்பிரசவம். விடியற்காலையிலிருந்தே நான் அங்கேதான் இருந்தேன். குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது. சுகாதார நிலைய ஜீப்பைக் கூட்டிவர ஒரு ஆளை மதிலேறிக் குதித்துப் போகச் சொன்னேன். ஆனால் அந்தக் காலனிக்குள் நுழையும் ஒரே பாலம் காலையில்தான் வெள்ளத்தில் இடிந்திருந்தது. டிரைவர் ரங்கசாமி காலனி வழியாக வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்தார். இவ்வளவு பக்கத்தில் வண்டி இருந்தும் ஏற்ற முடியவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வாசலில் கிடந்த உரலை மதிலோரம் உருட்டி, அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ஹாரன் சத்தம் கேட்டு ரங்கசாமி குடையோடு வந்து நின்றிருந்தார்.

"மதிலை இடிங்க. பொண்ணைக் கட்டிலோட தூக்கிட்டு வரணும்."

"ஏனுங்கம்மா, இன்னைக்கு இடிச்சா நாளைக்கு அவன் இது எங்க வழின்னு பஞ்சாயத்துல போய் நிப்பானுங்க."

"நிக்கட்டுமுங்க. இங்க ரெண்டு உசுரு நிக்குமான்னே தெரியலை."

அவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி தெய்வானை கடப்பாரையோடு வந்து மதிலில் ஓங்கிப் போட்டார். செங்கல் அசையவில்லை.

"இங்க கொண்டா. கையை ஒடிச்சுக்காத" என்று ரங்கசாமி குடையை வீசிவிட்டுக் கடப்பாரையை வாங்கினார். இந்தப் பக்கம் பழனிசாமியும் ஒரு சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், முகம் பாராமல், ஆளுக்கொரு பக்கமாக இடித்தார்கள். கட்டில் நுழைந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மதிலை இடித்த அந்த மூவரையும் நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, ஒரு காலனிக்குப் போனால் தெருவுக்கு மறுமுனை உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோடு சிநேகமாக இருந்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சரஸ்வதியைப் பார்க்கப் போனபோது, இடித்த இடத்தில் ரங்கசாமியின் கொத்தனார் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அடைக்கறீங்களா?"

"இல்லீங்கம்மா. போறவங்க வர்றவங்க சேலை கல்லுல மாட்டுதாமா. ரெண்டு ஓரத்தையும் வழவழன்னு பூசிவிடச் சொன்னாருங்க."