முதலில் நிம்மதி, பிறகு வணக்கம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, இர்விங் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் காரைத் திறக்கும்போது கெவின் அழைத்தான். ஜெசிந்தா அக்காவின் மகன். "ஆன்ட்டி, ஷி வாஸ் நாட் இன் பெய்ன்" என்றுதான் தொடங்கினான். அதற்குப் பிறகே, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னான். காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் வந்தது நிம்மதிதான். இந்தக் குளிர்காலம் முழுக்க, நாலு படி ஏறுவதற்குள் அவர் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உங்களில் பலருக்கு அவரை மாதாகோவில் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். சிலருக்குத் தூத்துக்குடிக்காரர்களுக்கே உரிய அந்த மீன்குழம்பின் வழியாக. எனக்கு அவர் என்னோடு வேலை பார்த்த டாக்டர். குழந்தைகளின் வயிற்று நோய்களைப் பார்ப்பவர். எங்கள் கிளினிக்கிற்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரைப்பையில் குடியேறும் ஒரு கிருமி அவர்களில் சிலருக்கு ஏன் வருகிறது, ஒரே வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு ஏன் வருவதில்லை, இதில் ரத்தத்தின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்பதுதான் எங்கள் வேலை. அக்கா பிள்ளைகளைப் பார்ப்பார். நான் குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசி, நாள் குறித்து, வரவழைப்பேன்.

அங்கே வந்த தாய்மார்களில் ஒருவரை ரோசா என்று சொல்லிக்கொள்கிறேன். அவருடைய பெரிய பையனுக்குக் கிருமி இருந்தது, சின்னவனுக்கு இல்லை. வந்த முதல் நாளே ரோசா கைக்குட்டையைக் கசக்கியபடி கேட்டார்: "என் அம்மாவுக்கும் வயிற்றுப் புண். எனக்கும் உண்டு. என் ரத்தத்திலிருந்து போனதா? இல்லை, நான் ஒரே கரண்டியில் ஊட்டியதாலா?" அக்கா நாற்காலியை இழுத்து ரோசாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கிருமி பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது, வந்த பிறகு அது என்ன செய்யும் என்பதில் உடம்பின் வாகுக்கும் பங்கு உண்டு, பல பேருக்கு அது ஒன்றுமே செய்வதில்லை என்று தன் உடைந்த ஸ்பானிஷில் நிதானமாகச் சொன்னார். ரோசா போன பிறகு என்னிடம் திரும்பினார். "ரத்தம்னாலும் அம்மா தலையில, கரண்டின்னாலும் அம்மா தலையில. இவளுக ஊட்டாம இருந்தா பிள்ளை வளருமா கவிதா?"

அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் மகள் நிலாவுக்கு ஓயாத வயிற்று வலி. கடைசியில் அதே கிருமி. என் மாமனார் இரைப்பைப் புற்றுநோயில் போனவர். கணவர் சாப்பாட்டையே தொடவில்லை. எனக்கோ அவமானம் வேறு. தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் வீடு எங்களுடையது. அடுத்தவர் தட்டில் கை வைக்க மாட்டோம். இவ்வளவு எச்சில் பார்த்தும் எப்படி வந்தது என்று அக்காவிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "எச்சில் பாக்குற வீட்டுலயும் இருக்கு, பாக்காத வீட்டுலயும் இருக்கு. கிருமிக்கு ஆசாரம் எல்லாம் தெரியாது. மருந்து இருக்குல்ல, மாத்திரைய ஒழுங்கா குடு." எனக்குக் கோபம் வந்தது. அன்று ராத்திரி ஒழுங்காகத் தூங்கவும் செய்தேன்.

மாத்திரை எல்லாம் முடிந்து, சில வாரம் விட்டு, கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை. பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து ஒரு பையில் ஊத வேண்டும், கொடுக்கும் பானத்தைக் குடித்துவிட்டுக் காத்திருந்து இன்னொரு பையில் ஊத வேண்டும். தினமும் பத்துத் தாய்மார்களுக்குப் போனில் "வாயில் எதுவும் போடக் கூடாது" என்று சொல்பவள் நான். கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் நின்று, நிலாவின் நெற்றியில் திருநீறு வைத்து, வழக்கம் போல ஒரு சிட்டிகையை நாக்கிலும் போட்டுவிட்டேன். கிளினிக்கில் அக்கா "ஏதாவது சாப்பிட்டியாடா?" என்று கேட்க, நிலா, "ஜஸ்ட் சம் ஹோலி ஆஷ்" என்றாள். அக்கா ஊதும் பையை மேஜையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "துளி திருநீறுதான், ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா ரிசல்ட் வந்தப்புறம் இதையே நினைச்சு நினைச்சு நீ தூங்க மாட்ட. இன்னொரு நாள் வா" என்று அனுப்பிவிட்டார். நிலாவுக்கு மட்டும் மெக்சிகன் பேக்கரியிலிருந்து வாங்கி வைத்திருந்த சர்க்கரை ரொட்டி கிடைத்தது.

இன்னொரு நாள் போனோம், ஊதினோம். முடிவு வந்த மதியம் நான் ஃப்ரீவேயில் இருந்தேன். காரின் ஸ்பீக்கரில் அக்காவின் குரல்: "நெகட்டிவ். ஜெசிந்தா பேசுறேன்." அந்த வரிசையில்தான். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, கணவரைக் கூப்பிட்டு அதே ஒரு வார்த்தையைச் சொன்னேன். மறுமுனையில் அவர் தேம்பியது கேட்டது. தன் அப்பா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஏன் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பிக்கிறீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "நம்மாளுங்க போன் பண்ணா சாப்பிட்டியா, வெயில் எப்படின்னுதான் ஆரம்பிப்பாங்க. கெவின் சின்னப் புள்ளையில ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ஒரு தெரிஞ்ச டாக்டர் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. நல்ல சேதிதான் சொல்ல வந்தாரு. அவரு அதுக்கு வர்றதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன்" என்றார். கெட்ட முடிவுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. "மருந்து இருக்கு" என்று தொடங்கி, கிருமி இருப்பதை அடுத்த வாக்கியத்தில்தான் சொல்வார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வரிசைதான். செவ்வாய்க்கிழமை அது எனக்கு உடனே தேவைப்பட்டது. ரோசாவின் பெரிய பையனுக்கு முதல் மருந்து சரியாகக் கேட்காமல் இரண்டாவது மருந்து கொடுத்திருந்தோம். அதன் முடிவு முந்தைய நாள் சாயங்காலம்தான் வந்திருந்தது, ரோசாவுக்குச் சொல்வது என் பொறுப்பு. அவரைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. கிளினிக்கிற்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு, போன் செய்து ஸ்பானிஷில் சொன்னேன்.

"நெகடிவோ, ரோசா. கவிதா பேசுகிறேன்."

அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார், பையனைக் கூவி அழைத்தார், அழுதார், சிரித்தார். டாக்டரிடம் தானே பேசி நன்றி சொல்ல வேண்டும் என்றார். அப்போதுதான் மற்றதைச் சொன்னேன். பையனை வெளியே போய் விளையாடச் சொன்னார். பிறகு மெதுவாக, "கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். கெவின் அதைத்தான் எனக்கு முதலில் சொல்லியிருந்தான்.