என் கையெழுத்தில் இருந்த படிவம்

பெயர் எழுத வேண்டாம் என்று படிவத்தின் உச்சியிலேயே தட்டச்சு செய்திருந்தேன். அந்த ஒரு வரிக்காக என் நெறியாளரோடு மூன்று நாள் வாதாடியிருக்கிறேன். வணிகவியலில் முதுகலை முடித்துவிட்டு ஆய்வில் சேர்ந்திருந்தேன். தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் அவர்கள் வேலைக்கு வராத நாட்களுக்கும் உள்ள தொடர்பு என்பது என் தலைப்பு. வரிசை எண்ணாவது போடுங்கள், பின்னால் சரிபார்க்க உதவும் என்றார் நெறியாளர். எண் இருந்தால் எங்கோ ஒரு பட்டியலும் இருக்கும், பட்டியல் இருந்தால் ஒருநாள் அதை யாராவது கேட்பார்கள் என்றேன் நான். அவர் விட்டுக்கொடுத்தார். அந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களை வார்க்கும் ஓர் ஆலை எனக்கு அனுமதி தந்திருந்தது. கிருஷ்ணகிரியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலைப் பேருந்தில் போய்வந்தேன். பகுதிவாரியாக ஆட்களைச் சந்தித்து, படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதை வாங்கி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். மாலையில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக நூல் போட்டுக் கட்டுவேன். எந்தப் பகுதியில் நோய் அதிகம் என்று ஒப்பிடுவதுதான் ஆய்வின் உயிர் என்பதால், பகுதியின் பெயர் மட்டும் ஒவ்வொரு படிவத்திலும் இருக்கும்.

படிவம் தமிழில் இருந்தது. அங்கே பேசுவதற்கு மூன்று மொழி வைத்திருந்தவர்கள் பலர். ஆனால் அந்த மூன்றில் எழுதப் படிக்க எதைக் கற்றார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறியது. வார்த்தெடுத்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் கிரைண்டிங் பகுதியில் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் தாங்களே தமிழில் நிரப்பினார்கள். இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்கள். நான் கேள்வியைப் படிக்கப் படிக்க, புள்ளிக் கோட்டின் மேல் கன்னட எழுத்தில் பதில் எழுதினார்கள். மிஞ்சிய ஒருவருக்கு நான் எழுதினேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சூளகிரிக்கு உள்ளே ஒரு மானாவாரிக் கிராமம், வீட்டில் தெலுங்கு. தமிழைச் சரளமாகப் பேசினார். எழுத்துத்தான் எந்த மொழியிலும் இல்லை. தேநீர் இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அவருடைய கூட்டாளி ஒருவர் டம்ளரோடு வந்து நின்றார்.

“என்னா மாமா, பரீட்சைய வாத்தியாரே எழுதிக் குடுக்குறாரா? அப்ப நீ பாசுதான்.”

“நீ போயி உன் பேப்பர எழுதுடா. பக்கத்துல பாத்து எழுதறேன்னு உன்னத்தான் வெளிய அனுப்பப் போறாரு.”

கூட்டாளி நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். “பேரு வராதுன்னீங்களே சார். ஊரு?”

“ஊரும் வராதுங்க.”

“டோக்கன் நம்பரு?”

“எதுவும் வராது. எந்தப் பகுதி, எத்தனை வருஷம் வேலை, அவ்வளவுதான்.”

அடுத்த கேள்வியைப் படித்தேன்: கடந்த ஓராண்டில் ஏதேனும் நோயைத் தொழிற்சாலைக்குத் தெரிவிக்காமல் இருந்ததுண்டா? கூட்டாளி போன பக்கம் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“உண்டுன்னு போடுங்க. காத்தால எந்திரிச்சா இருமலு. துப்புனா கறுப்பா வருது. கிருஷ்ணகிரியில ஒரு டாக்டருகிட்டப் போயிட்டிருக்கேன். இங்க காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனா சீட்டு கம்பெனிக்கு வந்துரும். நாலு வருஷமா டெம்ப்ரவரி சார். அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்டு போடறாங்க. இப்பப் போயி சீக்குன்னு சொன்னா, அப்புறம் எங்க...” என்று நிறுத்தி எழுந்தார். இரண்டடி நடந்து திரும்பினார். “இன்னொண்ணு. எங்க எக்ஸாஸ்ட் ஃபேனு ரெண்டு வருஷமா ஓடல. அதையும் எழுதிக்குங்க.”

படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அந்த மின்விசிறியை நானும் பார்த்திருந்தேன். தூசியை வெளியே தள்ளுவதற்காகச் சாலையைப் பார்த்த சுவரில் பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஆட்களின் புருவம்கூடக் கறுத்திருந்தது. வெளியே அதன் கீழே சுவர், நேற்று அடித்த சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது.

பர்சனல் ஆபீசர் என்று எல்லாரும் அழைத்த பணியாளர் நல அலுவலர் கெட்டவர் அல்லர். எனக்கு ஒரு நாற்காலியும் மேசையும் தந்தார், விடுப்புப் பதிவேடுகளைப் பார்க்கவிட்டார், மதியம் நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார். ஆய்வு அங்கே நடந்தது என்று ஆலையின் முகப்புத் தாளில் ஒரு கடிதம் தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இல்லாமல் என் ஆய்வேட்டின் மைய அத்தியாயத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காது. களப்பணி முடிந்த சனிக்கிழமை காலை, விடைபெறப் போனபோது சொன்னார்:

“பெட்டிய இங்கயே வச்சுட்டுப் போங்களேன். திங்கக்கிழமை லெட்டரோட சேத்து வாங்கிக்கலாம். நம்ம ஆளுங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒரு பார்வை பாத்துடறேன். பேருதான் இல்லையே.”

பேர்தான் இல்லையே. மூன்று நாள் நான் வாதாடிய வாதம் அது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெரியவர். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பதாகச் சொன்னார். குருபரப்பள்ளியில் தேநீருக்காகப் பேருந்து நின்றபோது, சட்டைப் பையிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்தார்.

“கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் தம்பி. உள்ள எழுதியாச்சு. மேல அட்ரஸ் மட்டும் எழுதித் தாங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“முத்து முத்தா இருக்கு. ஆனா எம் மச்சான் கையில வாங்குன உடனே கேப்பான், இது யாரு எழுதுனதுன்னு. என் எழுத்து கோழி கிளறுனாப்பல இருக்கும். பேரே போட வேணாம், பாத்தாலே நான்னு சொல்லிருவான்.”

நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினேன். அலுவலருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். அனுமதி கேட்டு நான் கைப்பட எழுதிய நான்கு பக்க விண்ணப்பம் அவருடைய கோப்பில் இருந்தது. கிரைண்டிங் பகுதியின் கட்டைப் பிரித்தால் ஒன்பது படிவம் ஒன்பது விதமான தமிழில் இருக்கும், இரண்டு கன்னடத்தில் இருக்கும், ஒன்று என் கையெழுத்தில் இருக்கும். அந்தப் பகுதியில் கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைப்பவர் ஒரே ஒருவர். அவர் யார் என்று அந்த அலுவலகத்தில் தெரியாதவர் இல்லை. பெயரையும் எண்ணையும் விலக்கி வைத்த நான், என் கையாலேயே அவரை அடையாளம் காட்டியிருந்தேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“என்ன தம்பி, கிருஷ்ணகிரி இன்னும் வரலியே?”

“ஒண்ண விட்டுட்டு வந்துட்டேங்க.”

“நீங்களும் கண்ணாடியா?” என்றார் பெரியவர், ஜன்னல் வழியாக.

எதிர்ப்பக்கத்துப் பேருந்தில் ஓசூர் வரை நின்றுகொண்டே வந்தேன். சூளகிரிக்கு அப்பால் ஒரு பார லாரி முன்னால் ஊர்ந்தது. எங்கள் ஓட்டுநருக்கு அதை முந்தும் எண்ணமே இல்லை. அலுவலர் இன்னும் பிரித்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். பிரித்திருந்தாலும் கவனித்திருக்கமாட்டார். கவனிக்கவில்லை என்றால், நான் பதறிக்கொண்டு போய்க் கேட்பதே அவரைக் கவனிக்க வைத்துவிடும். அப்படியானால் பேசாமல் திரும்பிவிடுவதே நல்லது. திங்கட்கிழமை கடிதமும் கிடைக்கும். என் கவலைக்கும் என் வசதிக்கும் முடிவு ஒன்றாகவே வந்ததால் அந்த யோசனையை நான் நம்பவில்லை.

பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி மூடியிருந்தது. அலுவலர் ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டி வேணும் சார்.”

“திங்கக்கிழமைன்னுதானே பேசினோம்?”

“பதில் சொன்னவங்ககிட்ட யாருக்கும் காட்டமாட்டேன்னு சொல்லியிருக்கேன். காலையில குடுத்தது என் தப்பு.”

“பேரில்லாத பேப்பர்ல என்ன ரகசியம்?”

அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே விரலை நீட்டுவதாகிவிடும்.

“இத வச்சு நான் யாரையாவது தூக்கிருவேன்னு நெனைக்கிறீங்க.”

“நான் அப்படிச் சொல்லல சார்.”

“சொல்லல. கெளம்பிப் போனவரு அதுக்குள்ள திரும்பி வந்திருக்கீங்க.” பெட்டியை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். “எடுத்துக்குங்க. லெட்டர் மட்டும் கேக்காதீங்க. எதையும் கண்ணால பாக்காம கம்பெனி எப்படிக் கையெழுத்துப் போடும்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே வந்து, மதில் ஓரமாக நின்று மூடியைத் திறந்தேன். கிரைண்டிங் கட்டு மேலாக இருந்தது. நூல் இரட்டை முடிச்சாக இருந்தது. நான் போட்டது இரட்டை முடிச்சா, சுருக்கா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் வாசலில் காத்திருந்து, நான் படிவம் எழுதித் தந்த அந்தத் தொழிலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“பாத்துட்டாரா?”

“தெரியலங்க.”

“தெரியலன்னா எப்டி சார்?” என்றார். சங்கு ஊதியது. டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாதம் முழுவதும் நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. நெறியாளர் வேறோர் ஆலையில் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார், ஓராண்டு தள்ளிப்போகும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அறையில் உட்கார முடியாமல் பேருந்து நிலையத்துக்கும் அணைக்குப் போகும் சாலைக்குமாக நடந்தேன். நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்தத் தொழிலாளரின் பெயர் இல்லாமல் போனால் அலுவலரிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைப்பேன். என்ன பேசுவது? அவருக்கு நோயில்லை என்றா? அவர் இருமலை அவர் மறைத்தார். அதை நான் வாங்கி எழுதிவைத்தேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் அது அவரிடமே பத்திரமாக இருந்திருக்கும்.

பட்டியல் ஒட்டிய அன்று ஆலை வாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்றேன். கூட்டாளிதான் முதலில் வெளியே வந்தார். சாலையைக் கடக்கும்போதே என்னைப் பார்த்துவிட்டார்.

“வாத்தியாரே, உங்க மாணவன் பாசு.”

பின்னால் அவர் வந்தார். முகம் கழுவி, தலை சீவியிருந்தார். எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார். முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஃபாரமெல்லாம் என்னா ஆச்சு சார்?”

“உங்க கம்பெனி சம்பந்தப்பட்ட அத்தியாயத்தையே விட்டுட்டேன். இனி யாரும் அதைப் பார்க்கமாட்டாங்க.”

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் டம்ளரைப் பலகைமேல் வைத்தார்.

“அப்ப ஃபேனு?”

நானும் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஓரமா எழுதிக்கிட்டீங்களே. நான் பாத்தேன்.” பிறகு, கோபம் எதுவும் இல்லாமல் கேட்டார்: “யாருக்கும் சொல்லப் போறதில்லன்னா, எதுக்கு சார் கேட்டீங்க?”

கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவர் சொன்னதைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்த நான், நானே கண்டதை மறந்திருந்தேன். மின்விசிறி ஓடாததைச் சொல்ல எனக்கு எந்தப் படிவமும் தேவையில்லை. சாலையில் போகிற யாரும் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சொல்லலாம். அதை அலுவலருக்குக் கடிதமாக எழுதி, தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சோதனை என்று யாராவது வந்தால், சொன்னது யார் என்று ஆலைக்குள் தேடுவார்கள். முதலில் அலுவலருக்கு மட்டும் எழுதுவது, அசைவில்லை என்றால் பிறகு மற்றது என்று முடிவு செய்தேன்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அரைப் பக்கம்தான். நான் ஆலைக்கு வந்த நாட்களில் ஒருநாளும் அந்த மின்விசிறி ஓடிப் பார்க்கவில்லை. அதன் கீழே சுவரில் கறை இல்லை. உள்ளே வேலை செய்பவர்கள் மூச்சோடு தூசியை இழுக்கிறார்கள். இவை நான் நேரில் கண்டவை. தட்டச்சர் தாளை உருவித் தந்தார். நான் மடித்து உறையில் வைக்கப் போனேன்.

“கீழ கையெழுத்துப் போடலியே சார்?” என்றார்.

முழுப்பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பதில் வரவில்லை. அடைமழைக் காலம் முடிந்த பிறகு, புதிய ஆய்வுக்காக ஓசூர் போன ஒருநாள், ஆலைக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். வாசலுக்குள் என்னை விடமாட்டார்கள், சாலையிலிருந்தே பார்த்தேன். வெயிலில் இறக்கைகள் சுழல்வது தெரிந்தது. காற்றில்கூட அப்படிச் சுழலலாம். கிட்டே போனேன். சுவரில், மின்விசிறிக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பின் மேல் கறுப்பு இறங்கியிருந்தது. ரெண்டு வருஷமாக அவர் நெஞ்சுக்குள் போனது போனதுதான். கறையைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. உள்ளே அரைக்கும் சத்தத்துக்கு நடுவே யாராவது இருமுகிறார்களா என்று கேட்க முயன்றேன். அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை.