கறுப்பைக் கறுப்பாக எடுக்கும் காமிரா

தரையில் விரித்த பேனரைச் சுற்றி வரும்போது வல்லியக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். ஓரமாக நடப்பார், குந்துவார், கையை ஊன்றி எட்டிப் பார்ப்பார். அதில் அச்சாகியிருக்கும் முகத்தை மட்டும் மிதிக்க மாட்டார். அந்த முகம் அவருடைய வீட்டுக்காரர் பாவாடையினுடையது. ஒரு கண்ணே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். பிறகு ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து பார்ப்பார். அதுவும் போதாமல் பேனரைக் கடைவாசலில் கட்டித் தொங்கவிட்டு, சாலையைத் தாண்டி எதிரிலுள்ள டீக்கடைக்குப் போய், அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

"பஸ்ல போறவன் பாக்கறதுதான் சார் பேனரு. கிட்ட வச்சிப் பாத்தா எல்லாமே அழகாத்தான் இருக்குது" என்பார்.

இவ்வளவும் பேனருக்காக அல்ல, ஒரு காமிராவுக்காக. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார் அமிர்தவல்லி. சுற்றுவட்டாரத்தில் யாராவது புதிதாகப் போட்டோத் தொழிலில் இறங்க நினைத்தால், ரொம்ப விலையில்லாத ஒரு டி.எஸ்.எல்.ஆர். காமிராவை முதல் காமிராவாக எடுக்க நினைத்தால், கையோடு இவரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். யாரும் இவருக்கு அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊர் எடுக்கிற படமெல்லாம் கடைசியில் இவர் கடையில்தான் பத்தடிக்குப் பெரிதாகிறது. சின்னதில் ஒளிந்துகொண்ட குறையெல்லாம் அங்கே பல்லைக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்தே இவருக்குக் காமிராக்களின் சுபாவம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் தெரு நூலகத்துக்கு ஒரு பெயர்ப்பலகை பேனர் அடிக்கப் போனவன் நான். போன வேலை முடிந்தும் வாரக்கணக்கில் அந்தக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வல்லியக்காவின் பேச்சுதான் காரணம்.

மெகாபிக்சல் என்று ஆரம்பித்தால் அவருக்குப் பிடிக்காது. "அதெல்லாம் டப்பா மேல எழுதியிருக்குது. டப்பாவயா மாட்டிக்கினு போவப் போற?" என்று கேட்பார். முதலில் காமிராவை வாங்குகிறவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். ஊர்க்கதை, மழைக்கதை, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் எல்லாம் பேசுவார். அரைமணியில் அந்த ஆள் கழுத்தைத் தடவினால், "கனம் ஒத்துக்கல உனுக்கு" என்று தீர்ப்பு. அடுத்து, கண்ணைக் கட்டாத குறையாக, பார்க்காமலே பொத்தான்களைத் தொடச் சொல்வார். முகூர்த்த நேரத்தில் குனிந்து பொத்தான் தேடுகிறவன் தாலிகட்டைத் தவறவிடுவான் என்பது அவர் கணக்கு. பிறகு வாங்குகிறவரைக் கடையின் பின்னறையில் சுவரோடு சுவராக நிறுத்தி, அறை முழுவதும் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார். "நம்ம ஊர் வூட்டுல பின்னால போறதுக்கு எடம் ஏது? லென்சுதான் சார் பின்னால போவணும்."

எல்லாவற்றையும் காமிராவே பார்த்துக்கொள்ளும் பச்சைக் கட்டத்தில் வைத்து எடுத்தால், வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததுமே காமிராவின் தலையிலிருந்து ஃப்ளாஷ் தானாக எழும்பி நிற்கும். வல்லியக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் கொம்பு. "கொம்பு மொளச்சாச்சின்னா மூஞ்சி முட்டை ஆயிடும்" என்று சொல்லி, எழும்பியதை ஒரு விரலால் அமுக்கி உட்கார வைப்பார். புதிதாய்க் கற்கிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமும் ஏறக்குறைய ஒரே பாடமும் அதுதான்.

கடைசிப் பரீட்சையில்தான் பாவாடை வருகிறார். வல்லத்துப் பக்கம் நிலத்தில் மணிலாக் கடலை பயிர் போட்டிருக்கும் சம்சாரி. நல்ல கறுப்பு, கரும்பாறைக்குப் பக்கத்தில் நின்றால் பாறைக்குத்தான் கூச்சமாக இருக்கும். உச்சிவெயிலில் மனைவிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார். தூக்கை வைத்த கையோடு, ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் பின்னாலுள்ள பாறையின் முன்னால் போய் நிற்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு முகம், வெள்ளைச் சட்டை, கொளுத்தும் வெயில். சட்டையில் பொத்தான் தெரிய வேண்டும், அதே படத்தில் முகத்தில் கண்ணும் தெரிய வேண்டும். பல காமிராக்கள் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடும்.

இப்படி அச்சடித்த சோதனை பேனர்களை வல்லியக்கா வீணாக்குவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார். அதனால் அனந்தபுரம் வரைக்கும் எந்த மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாலும் கூரையில் பாவாடை இருக்கிறார். வைக்கோல் போரின் மேல் மல்லாந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியூர் வியாபாரி ஒருவர் அவரைச் சந்தையில் கண்டு கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணன் எந்தக் கட்சி?" என்று கேட்டாராம். "பொண்டாட்டி கட்சி" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வல்லியக்கா ஒரு காமிராவிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கறுப்பைக் கறுப்பாக எடுக்க வேண்டும். இதற்குப் பின்னால் அவருடைய கல்யாண ஆல்பம் இருக்கிறது. எடுத்தவர் எந்த ஊரோ, முகத்தை மட்டும் வெளுப்பாக்கிவிட்டுக் கைகளை மறந்துவிட்டார். "மூஞ்சி யாரோ ஒருத்தியுது சார். கை மட்டும் என்னுது. தாலி கட்டிக்கினவ யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு காமிராவின் முன்னாலும் ஆசையாக நின்றதில்லை. அரசாங்க அட்டைக்கு எடுத்ததோடு சரி. வீட்டு விசேஷங்களில் படம் எடுக்கும் நேரம் பார்த்து அடுப்படியில் வேலை வந்துவிடும்.

இத்தனைக்கும் பவுடர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. காலையில் கடை திறக்கும்போதும் சாயங்காலம் விளக்கு போடும்போதும் கண்ணாடியின் முன்னால் நின்று, கழுத்து வரைக்கும் தாராளமாக அப்பிக்கொள்வார். வாடிக்கையாளர்கள் "கொஞ்சம் கலர் ஏத்துக்கா" என்றால், அச்சுக்குப் போகும் படத்தை மொத்தமாக வெளுக்கவைக்கக் கணினியில் ஒரு விசையே வைத்திருக்கிறார். நான் இதைச் சுட்டிக்காட்டி வம்புக்கு இழுத்தேன். "பவுடரு வேற, போட்டோ வேற, பொழப்பு வேற சார்" என்று மூன்றையும் மூன்று அறைகளில் பூட்டிவைத்தார். அந்தப் பூட்டு திறந்த ஒரு வியாழக்கிழமையில் நானும் நாற்காலியில் இருந்தேன்.

அன்று வந்தவள் கவிதா. வல்லத்தில் ரவிக்கை தைக்கிறவள், முப்பது வயதிருக்கும். விழுப்புரத்துக் கடை ஒன்றில் தெரிந்தவர்மூலம் ஒரு காமிராவைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்று பணத்தைக் கட்ட வேண்டும், இல்லை காமிராவைத் திருப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. ஆம்பளை வந்து படம் எடுத்தால் மேடைக்கே வரமாட்டேன் என்று அந்தப் பெண் அடம்பிடிக்க, அவளுடைய அம்மா கவிதாவைக் கேட்டிருந்தார். கவிதாவுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

"நீங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா எடுத்துக்கிறேங்க்கா. வேணாம்னா அந்த வூட்டுக்கு இப்பவே போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுவேன்" என்றாள். சொல்லும்போது காமிராவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

கழுத்துப் பரீட்சையில் தேறினாள். தையல்காரி விரல், பொத்தான்கள் பார்க்காமலே அகப்பட்டன. பின்னறையும் சட்டத்துக்குள் அடங்கியது. பாவாடை வெள்ளைச் சட்டையோடு பாறையின் முன்னால் நின்றார். கவிதா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து எடுத்தாள். படம் கணினிக்கு ஏறியது.

"ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருக்குதுக்கா" என்று எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

வல்லியக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்கிரீனு எல்லாத்தையும்தான் நல்லாக் காட்டும். நா அதப் பாக்கறதே இல்ல. பேனருல நிக்குதா, அதச் சொல்லு."

அச்சாகி வந்ததைத் தரையில் விரித்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு சுற்றுக்கூட முழுதாக வரவில்லை. அங்கே இருந்தது பாவாடையே இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற சிவத்த ஆள் ஒருவர். சட்டையும் முகமும் ஏறக்குறைய ஒரே நிறம்.

"வேணாம்மா" என்றார் வல்லியக்கா. குரலில் கோபம் இருந்தது. "இது ஆளையே மாத்துது. குடுத்துடு."

கவிதா வாதாடவில்லை. காமிராவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். "செரிக்கா" என்று சொல்லிவிட்டு, அழாமல் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் நடந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கவிதா ஸ்கிரீனில் பார்த்ததை இவர் ஒரு பார்வை பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லத் துணிவில்லாமல் டீயைக் குடித்தேன்.

பாவாடை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன்னுடைய புது உருவத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரசித்தார். "நா வெளுத்ததுகூடப் பரவால்ல வல்லி. பாறை எப்டி வெளுத்திச்சி? இது நம்ம ஊர் பாறைதானா? சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்குது."

"வெயில்ல எடுத்தா அப்டித்தான். காமிரா செரியில்ல."

"காலையில கல்யாண பேனரு ஒண்ணு போட்டியே, அதுலயும் எல்லாரும் இதே கலராத்தான இருந்தாங்க?"

வல்லியக்கா குனிந்து பேனரிலிருந்த பாறையைப் பார்த்தார். பிறகு கணினியின் முன்னால் போய் உட்கார்ந்து, பார்க்கவே மாட்டேன் என்று சொன்ன திரையைப் பார்த்தார். நானும் பின்னால் போய் நின்றேன். திரையில் பாவாடை பளபளவென்று கறுப்பாக, இரண்டு கண்ணும் சிரிக்க, சட்டையின் பொத்தான்களோடு நின்றுகொண்டிருந்தார். பாறை பாறையாக இருந்தது. காலையில் கல்யாண வீட்டாருக்காக அழுத்திய கலர் ஏற்றும் விசை அணைக்கப்படாமலே கிடந்தது. அச்சுக்குப் போகிற எல்லாப் படத்தையும் அது வெளுத்து வெளுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"அய்யய்யோ" என்றார். போனை எடுத்தார்.

"கவிதா, எங்கம்மா இருக்க?"

"விழுப்புரம் பஸ்ல ஏறிட்டேங்க்கா. டிக்கெட்டும் எடுத்துட்டேன்."

"எறங்கு."

"கண்டக்டர் திட்டுவாருக்கா."

"திட்டட்டும், எறங்கு. தப்பு காமிராவுது இல்ல, என்னுது. அந்த வூட்டுக்குப் போன் கீன் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. மனசு வரல."

வல்லியக்கா நெஞ்சில் கைவைத்து அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். பாவாடை மொபெட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் அவளை ஏற்றி வந்தார். வருவதற்குள் விசை அணைந்து, புது பேனர் அச்சாகித் தரையில் கிடந்தது. கவிதா வாசலில் நின்றபடியே பார்த்தாள். அவள் செருப்பைக் கழற்ற மறந்து ஒரு காலை எடுத்து வைக்கப் போக, "மாமா மேல மிதிக்காத" என்று வல்லியக்கா கத்தினார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

"நல்ல காமிரா. புதுசா கத்துக்கறவளுக்கு இது போதும்" என்று தீர்ப்பை மாற்றிச் சொன்னார் வல்லியக்கா. "நாந்தான் பாக்காம சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காத."

கவிதாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காமிராவைப் பையிலிருந்து எடுத்தவள் நகராமல் நின்றாள். "அக்கா, அந்தப் பொண்ணும் நல்ல கறுப்புக்கா. வெயில்ல எடுக்கப் போறதில்ல, மண்டபத்துக்குள்ளதான். டியூப் லைட்டு வெளிச்சம். முன்ன எவனோ எடுத்த படத்தப் பாத்துட்டு இது நா இல்லன்னு அழுதுச்சாம். அதான் பயமா இருக்குது. உள்ளாற ஒரு பொம்பள மூஞ்சிய எடுத்துப் பாத்துட்டாச் செரியா இருக்கும்."

கடையில் நாங்கள் நாலு பேர். அதில் கவிதா காமிராவைப் பிடிக்க வேண்டும். பாவாடை என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

வல்லியக்கா கொஞ்ச நேரம் பேனரின் ஓரத்தைக் கால் விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். டியூப் லைட்டைப் போட்டு, அதற்கு நேர்கீழே நாற்காலியை வைத்து உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கொம்ப மட்டும் எழும்ப வுடாத" என்றார்.

கவிதா காமிராவைக் கண்ணில் வைத்தாள். "இரு" என்று கையைக் காட்டி நிறுத்தினார் வல்லியக்கா. முந்தானையின் நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, குங்குமத்தைக் கலைக்காமல், நெற்றியிலிருந்து கழுத்துவரை பவுடரை அழுத்தித் துடைத்தார்.