குஞ்சம் கட்டிய கொக்கி ஊசி

தம்பிக்கு நிக்காஹ் நாள் குறித்ததுமே, அவன் தலையில் கடைத் தொப்பி ஏறக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக்குத் தொப்பி பின்னுவது மூத்த ராத்தாவின் உரிமை. அந்த மூத்த அக்கா நான்தான். விட்டுக்கொடுக்க எனக்கென்ன விசரா? ஆனால் கடையில் வாங்கிய மெல்லிய இரும்பு ஊசி பெருவிரலைப் புண்ணாக்கி, பாதித் தொப்பியோடு வேலையை நிறுத்தியது. கைக்கு அடங்கும் மரப்பிடியோடு, கையால் செய்த நல்ல கொக்கி ஊசி ஒன்று வேண்டியிருந்தது.

சாய்ந்தமருதில் ஒருத்தி வீட்டில் வைத்து விற்கிறாள் என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் ஊசிகள் கொலுவிருந்தன. ஒன்றில் ரோசாப்பூ, ஒன்றில் மயில், ஒன்றின் வாலில் பட்டுக் குஞ்சம். யா அல்லாஹ்! நான் ஊசி வாங்க வந்தேனா, ஊசிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தேனா?

“எல்லாம் கைவேலை ராத்தா. வெளிநாட்டுக்கும் அனுப்புறம்,” என்றாள்.

“ஒரு வரி பின்னிப் பார்க்கட்டா?”

“ஐயோ, பாவிச்சா பொலிஷ் போயிரும்.”

நல்ல கதை! தொப்பி பின்னுகிறவர்கள் ஊசியைக் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை. அதன் மூக்கைச் சிபோன் துணியில் இழுத்துப் பார்ப்போம். துணியில் மாட்டும் ஊசி நூலிலும் மாட்டும். கைக்கெட்டிய சிபோன் அவளுடைய சால்வைதான். மயில் ஊசியால் அதன் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். இழை சர்ரென்று வந்துவிட்டது.

“அல்லாஹ்வே! என்ட புதுச் சால்வை!”

“சால்வைக்கே இந்தக் கெதியெண்டா, என்ட நூலுக்கு என்ன கெதி?”

பக்கத்துக் கதிரையில் அவள் பின்னிக்கொண்டிருந்த மேசை விரிப்பு கிடந்தது. அதில் செருகியிருந்த ஊசியில் பூவுமில்லை, மயிலுமில்லை. கைபட்டுக் கறுத்த வெறும் வேப்பம்பிடி. அதே சால்வையில் அதையும் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

“அது விக்கிறதில்ல. நான் பின்னுற ஊசி.”

“ஓம், அதுதான் எனக்கு வேணும். நீங்க மயில வெச்சுப் பின்னுங்க.”

முறைத்தாள். நான் தொலைந்தால் போதும் என்றுதான் கடைசியில் தந்திருப்பாள். தொப்பி முடிந்தது.

நிக்காஹ் அன்று, நிந்தவூர்ப் பெண் வீட்டார் அனுப்பிய உடுப்போடு ஒரு தலைப்பாகையும் வந்தது. நெற்றி முழுக்கக் கண்ணாடிக் கல், உச்சியில் இறகு. மானங்கெட்ட தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு அதைத் தலையில் வைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொப்பியைக் கைப்பைக்குள் திணித்துவிட்டுப் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தேன். பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எல்லாருக்கும் முன்னால் தம்பி என்னிடம் வந்து நின்றான்.

“ராத்தா, இதோட சுஜூது செய்ய ஏலாது. நெத்தி நிலத்துல படாது. என்ட தொப்பியத் தாங்க.”

தலைப்பாகையை என் மடியில் போட்டுவிட்டு, நான் பின்னிய தொப்பியோடு பள்ளிவாசலுக்கு ஓடினான். நான் எழுந்து போய்த் தலைப்பாகையைப் பெண்ணின் உம்மாவிடம் கொடுத்தேன், கண்ணாடி அலுமாரியில் வைக்கச் சொல்லி.