மச்சான் கொண்டுவந்த ஆல்ரெடி

நேற்று அன்னவாசல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் யாரிடமோ, "அதான் ஆல்ரெடி சொல்லிட்டேன்ல!" என்று சிடுசிடுத்தாள். எனக்குக் கோடாலித் தைல வாசனை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அந்தச் சொல்லும் அந்த வாசனையும் எங்கள் வீட்டுக்கு ஒரே பெட்டியில்தான் வந்தன.

பெட்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. சிங்கப்பூரில் வெல்டர். எப்போதாவது லீவில் வருவார். பெட்டியைத் திறந்தால் தைலம், சாக்லேட், எனக்கு என்றைக்குமே அளவு சேராத ஒரு டீசர்ட். 'ஆல்ரெடி என்றால் ஏற்கெனவே' என்று பள்ளிக்கூடத்தில் நான் உருப்போட்ட சொல்லை மச்சான் ஊறுகாய் மாதிரி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்வார், அதுவும் கடைசியில். "குளிச்சாச்சு ஆல்ரெடி." "மழ வந்துருச்சு ஆல்ரெடி." அங்கே அப்படித்தான் பேசுவார்களாம். இங்கிலீஷில் தட்டுத் தடுமாறித் தேறிய நான் அவரைத் திருத்தப் பார்த்தேன். "ஒனக்குப் புரிஞ்சுச்சுல்ல மாப்ள?" என்றார். புரிந்தது.

அக்கா மட்டும் அந்தச் சொல்லுக்குச் சிரிக்க மாட்டாள். லீவு முடியப் போகையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, "டிக்கெட் போட்டாச்சு ஆல்ரெடி" என்பார் மச்சான். அதற்குமேல் பேச்சே இல்லை. அவளைக் கேட்டா போட்டார்? அடுப்படிக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் துலக்குவாள். எனக்கு மச்சான்மேல் கோபம் கோபமாக வரும்.

ஒரு லீவில் அவர் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். ரசத்தை ஊற்றியபடியே, "கடைவீதியில ஒங்களுக்குப் பட்டறை வைக்க எடம் பேசியாச்சு ஆல்ரெடி" என்றாள்.

மச்சானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என்னயக் கேக்காமயா?"

"நீங்க என்னயக் கேட்டுத்தான் டிக்கெட் போட்டீங்களா?"

மச்சான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். அவ்வளவுதான். மனுசன் அதற்கப்புறம் விமானம் ஏறவில்லை.

தைல வாசனை போய், வீட்டில் வெல்டிங் புகை வாசனை வந்தது. வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும் அந்த ஆல்ரெடியும் எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நேற்று அந்த ஞாபகத்திலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே பட்டறைக்கு நடந்தேன். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. வம்புக்கென்றே கேட்டேன்: "மச்சான், சாப்பிட்டாச்சா ஆல்ரெடி?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரோட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல மாப்ள. ஒங்க அக்கா வரட்டும்."